கிழித்துப் போட்ட ஒன்பது வரிகள்

மார்ச் 3

அண்ணாவுக்கு,

நீ யாரையும் பார்க்க விரும்பவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டாயாம். ஜெயில் வாசலில் சொன்னார்கள். அம்மாவும் நானும் இரண்டு பஸ் மாறி வந்து கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். "பெத்தவ வந்துட்டுப் போனேன்னு அவன்கிட்ட சொல்லு" என்று அம்மா சொன்னாள். காவலரிடம் இல்லை, நிஜமாகவே அந்த இரும்புக் கேட்டிடம் சொன்னாள். காவலர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார்.

எனக்கு எழுதுவதுதான் வசதி. பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. சின்ன வயதிலிருந்தே சொல்ல முடியாததையெல்லாம் சீட்டில் எழுதி உன் தலையணைக்கு அடியில் வைத்தவள்தானே நான். இப்போது உன் தலையணை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. இருக்கிறதா?

ராக்கெட் அண்ணனுக்குத் தாடை இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. நான்கு பற்கள் போய்விட்டன. மேல்வாயையும் கீழ்வாயையும் கம்பியால் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள், உறிஞ்சுகுழாயில்தான் சாப்பாடு. ஆறு வருடம் உன்னோடு சேர்ந்து பாடியவர். நான் வேலை பார்க்கிற லாண்டரிக்கு அந்த ஆஸ்பத்திரியின் விரிப்புகள்தான் வருகின்றன. ரத்தக்கறை உள்ளதைத் தனியாகப் பிரித்து ஊற வைக்க வேண்டும். போன வாரம் பிரிக்கும்போது, இதில் எது அவருடையது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

உனக்காக வாதாடும் வக்கீல் அம்மா நம் வீட்டுக்கு வந்தார். ராப் போட்டி மேடையில், நானூறு பேர் முன்னால், ராக்கெட் அண்ணன் உன்னைக் கிண்டல் செய்த வேகத்தில் அடித்தாய் என்றால் ஒன்றிரண்டு வருடம். திட்டம் போட்டு அடித்தாய் என்றால் எட்டு வருடம். எதிர்த்தரப்பு திட்டம் என்கிறது. அதற்குச் சாட்சி உன் பாட்டு. போட்டிக்கு இரண்டு வாரம் முன்னால் நீ வெளியிட்டாயே, இரும்புத் தடியால் தாடையை உடைப்பேன் என்று வருகிற பாட்டு. அதைக் கோர்ட்டில் போட்டுக் காட்டப் போகிறார்களாம். நீ அடித்ததும் இரும்பு மைக் ஸ்டாண்டால், தாடையில்.

இந்த மாதிரிப் பாட்டை எல்லோரும்தான் பாடுகிறார்கள் என்று காட்டிவிடலாம் என்கிறார் வக்கீல் அம்மா.

இன்னொன்று எழுதி அடித்துவிட்டேன். பிறகு எழுதுகிறேன்.

தங்கை


மார்ச் 11

வாயாடிக்கு,

ஊரிலேயே பேசாத பெண்ணுக்கு இந்தப் பெயர் வைத்தவன் நான். அந்த ஒரு சாதனைக்காகவே என்னை விடுதலை செய்யலாம். இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் காவலருக்கும் வணக்கம். கையெழுத்து புரியாவிட்டால் கேளுங்கள்.

பார்க்க வராதீர்கள். இந்தச் சட்டையில் அம்மா என்னைப் பார்க்க வேண்டாம்.

ராக்கெட்டுக்காக நான் அழ மாட்டேன். என்ன சொன்னான் தெரியுமா? மைக்கைப் பிடித்துக்கொண்டு, பீட் நின்ற பிறகு, பாட்டாகக்கூட இல்லாமல் சாதாரணமாகச் சொன்னான்: "ஆறு வருஷமா கத்துற. உருப்படியா இருக்குறது நாலே வரி. அதுவும் நீ எழுதல." கூட்டம் சிரித்தது. நானூறு வாய். ஸ்டாண்ட் கையில் இருந்தது. தூக்கினேன், போட்டேன். மடார் என்று ஒரு சத்தம். பாட்டில் வருகிற மாதிரியே இருந்தது. கூட்டம் வாயை மூடியது. அந்த ஒரு நிமிடம் நான் ராஜா.

வக்கீல் அம்மாவிடம் சொல், அவர் திட்டம் எனக்கு வேண்டாம். எல்லோரும் பாடுவதைத்தான் நானும் பாடினேன் என்று கோர்ட்டில் நின்று சொல்வதா? அதற்கு ராக்கெட் சொன்னதே மேல். அவனாவது நாலு வரி கொடுத்தான். இந்த அம்மா அதையும் பிடுங்கப் பார்க்கிறாரே.

இங்கே எங்கள் பிளாக்கில் பத்துப் பேர் ராப் பாடுகிறார்கள். தட்டில் தாளம் போடுகிறான் ஒருவன். நேற்று ஒருவன் மூக்கால் பாடுகிறான் என்று இன்னொருவன் அவன் மூக்கிலேயே குத்திவிட்டான். விமர்சனம் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

எதை எழுதி அடித்தாய்?

அண்ணன்


மார்ச் 18

அண்ணாவுக்கு,

வக்கீல் அம்மா உன் கடிதத்தைப் படித்துவிட்டு, "ராஜாவாம்ல. இவனுக்கு நான் கத்தணும், இவன் கடுதாசியில தன் தலையிலயே மண்ணள்ளிப் போட்டுக்குவான்" என்றார். இனிமேல் அடித்ததைப் பற்றிப் பெருமையாக எழுதாதே.

மூன்று ஞாயிற்றுக்கிழமை அவர் அலுவலகத்தில் உட்கார்ந்து நாற்பத்தொரு பாட்டுக் கேட்டோம். அவருக்கு வயது ஐம்பத்தைந்து. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணாடியைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு, "இதுலயும் கத்தி. எழுதிக்க. இதுலயும் அவன் தெருவுக்கு அவன்தான் ராஜா. எத்தன ராஜாம்மா ஒரே தெருவுக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் கோடு போட்டு எழுதினேன். கத்தி முப்பத்தெட்டுப் பாட்டில். சங்கிலி முப்பத்தொன்றில். துரோகம் செய்த நண்பன் நாற்பதில். மீதி ஒன்றில் பாடுகிறவனுக்கு நண்பனே இல்லை. எட்டுப் பாட்டில் பீட்கூட உன்னுடையதுதான், அதாவது நீ இணையத்தில் எடுத்த அதே பீட்டை அவர்களும் எடுத்திருக்கிறார்கள். ஏழாவது பாட்டுக்குமேல் யார் பாடுகிறார்கள் என்றே தெரியாமல் போய்விட்டது. ஒரே ஆள் ஒரே அறையில் நின்றுகொண்டு வெவ்வேறு பெயரில் திட்டுகிற மாதிரி இருந்தது.

கோபப்படாதே. நீ கத்தியைப் பற்றிப் பதினொரு பாட்டுப் பாடியிருக்கிறாய். வெங்காயம் நறுக்கச் சொன்னால் கண் எரிகிறது என்று ஓடுவாய்.

உன் பாட்டில் எல்லா வரிக்கும் ஜோடி கிடைத்துவிட்டது. கடைசி நான்கு வரிக்கு மட்டும் எங்கேயும் கிடைக்கவில்லை. வக்கீல் அம்மா ஹெட்போனைக் கழற்றிவிட்டார். "இது மட்டும் நெஜமா எவனையோ மனசுல வச்சு எழுதினது. இங்கதான்மா மாட்டுறான்" என்றார்.

நான் கோடு போட்ட தாளை மடித்து வைத்தேன்.

அந்த நான்கு வரி எங்கிருந்து வந்தது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சொல்லட்டுமா? முதல் கடிதத்தில் எழுதி அடித்தது இதைத்தான்.

தங்கை


மார்ச் 24

அது என் பாட்டு.

என் தலையணைக்கு அடியில் ஒரு சீட்டு இருந்தது. அதில் ஏதோ எழுதியிருந்தது. கல்லில் கிடந்ததை நான் செதுக்கினேன். பீட்டுக்குள் உட்கார வைத்தேன், தொண்டை கிழியப் பாடினேன். அதற்குமுன் அது என்ன? சோப்பு, விரிப்பு, இஸ்திரி உருளை. துணி துவைப்பதைப் பற்றி யார் ராப் கேட்பான்? தேவையில்லாததை வெட்டினேன். அடி மட்டும் போதும். அடிதான் பாட்டு.

நீ போய்க் கோர்ட்டில் வாயைத் திறந்தால், வெளியே என்னை என்ன சொல்லுவார்கள் தெரியுமா? தங்கச்சி எழுதிக் கொடுத்துப் பாடினவன். எட்டு வருடம் உள்ளே இருந்துவிட்டுப் போகிறேன். அந்தப் பெயரோடு எட்டு நாள்கூட வெளியே இருக்க மாட்டேன்.

வாயைத் திறந்தாய் என்றால் உனக்கு அண்ணன் கிடையாது.


ஏப்ரல் 2

அண்ணாவுக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. "என்ன எழுதியிருக்கான்?" என்றாள். "நல்லா இருக்கானாம்" என்றேன்.

நான் அந்தச் சீட்டைப் பாட்டாக எழுதவில்லை. உனக்கு ஒன்றைச் சொல்லத்தான் எழுதினேன். எப்போதும்போல. நீ அதைக் கேட்கவே இல்லை என்று இப்போதுதான் புரிகிறது. அதனால் இன்னொரு முறை சொல்கிறேன்.

ஈர விரிப்பை இஸ்திரி உருளைக்குள் அனுப்ப இரண்டு பேர் வேண்டும். ஒரு முனை நான், எதிர்முனை ஓர் அக்கா. என்னைப் பேசச் சொல்லித் தொந்தரவு செய்யாத ஒரே ஆள் அவர்தான். உருளைக்கு முன்னால் ஒரு காப்புக் கட்டை உண்டு. விரல் பட்டால் எந்திரம் நின்றுவிடும். அடிக்கடி நிற்கிறது என்று சூப்பர்வைசர் அதைக் கம்பியால் இழுத்துக் கட்டிவிட்டார். "ஓடட்டும், ஓடட்டும்" என்று சிரித்துக்கொண்டே போனார்.

அன்றைக்கு மதியம் விரிப்பு அக்காவின் விரலோடு சேர்ந்து போனது. அக்கா கத்தவில்லை, அண்ணா. வாய் திறந்திருந்தது, சத்தம் இல்லை. என் முனையில் துணி இழுபட்டது. அந்த இழுப்பு அவர் கையுடையது என்று எனக்குத் தெரிந்தது. எந்திரத்தை நிறுத்துகிற சிவப்புப் பட்டன் ஐந்து எட்டு வைத்தால் தொடும் தூரத்தில் இருந்தது. நான் துணியை விடவில்லை. விட்டால் இன்னும் போய்விடும் என்று பிடித்துக்கொண்டே நின்றேன். "நிறுத்துங்க" என்று கத்த வேண்டும். என்னால் முடியவில்லை. மடிப்பு மேசையிலிருந்து வேறு யாரோ ஓடி வந்து பட்டனை அடித்தார்கள். அதற்குள் மணிக்கட்டு வரை போய்விட்டது. தோல் வெந்து உருளையில் ஒட்டியிருந்தது. அந்த வாசனை இன்னும் என் முடியில் இருக்கிறது.

அக்காவைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் ஓடியபோது சூப்பர்வைசர் குறடால் கம்பியை வெட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். விசாரணையில் "கட்டை சரியாத்தான் இருந்துச்சா, பாப்பா?" என்று கேட்டார்கள். நான் தலையை ஆட்டிவிட்டேன். அக்காவின் அஜாக்கிரதை என்று எழுதிவிட்டார்கள்.

அன்று என் வேலைச் சீட்டின் பின்பக்கம் எழுதியதுதான் அது. பதிமூன்று வரி. தடியால் அடிக்க நினைத்தது அந்த ஆளின் தாடையை.

நேற்று ராக்கெட் அண்ணனை அவர் வீட்டில் போய்ப் பார்த்தேன். பேச முடியாதவரும் பேசத் தெரியாதவளும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அவர் அம்மா, "ஆகா, என்னா ஒரு அரட்டை" என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போனார். ராக்கெட் அண்ணன் ஒரு நோட்டில் எழுதிக் காட்டினார்: 'பாட்டுப் பதிவு செய்த அன்று நானும் இருந்தேன். சீட்டை இரண்டாகக் கிழித்தான். மேல் பாதியைக் குப்பையில் போட்டான். கிழிக்காதே, அதுதான் பாட்டு என்றேன். கேட்கவில்லை. அன்றுதான் பிரிந்தோம்.' பிறகு எழுந்து போய் ஒரு டப்பாவிலிருந்து அந்த மேல் பாதியை எடுத்துக் கொடுத்தார். குப்பையிலிருந்து எடுத்து வைத்திருக்கிறார். லாண்டரியின் பெயர், தேதி எல்லாம் அதில் அச்சாகியிருக்கிறது.

கீழ்ப் பாதி உன் நோட்டில் ஒட்டியிருக்கிறது. நம் அறையில்தான். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன். கிழிசல் பொருந்துகிறது.

தங்கை


ஏப்ரல் 10

வாயாடிக்கு,

இடது கையால் எழுதுகிறேன். வலது கை வீங்கியிருக்கிறது. கோணல்மாணலாக இருந்தால் காவலர் பொறுத்துக்கொள்ளட்டும்.

உன் கடிதம் வருவதற்கு முன்தினம் நடந்தது இது. பிளாக்கில் பாடச் சொன்னார்கள். அந்த நான்கு வரியைப் பாடினேன். தட்டு அடிப்பவன்கூட நிறுத்திவிட்டான். மூலையில் ஒருவன் இருக்கிறான், கசாப்புக்காரன் என்போம், தொழிலும் அதுதான், குற்றமும் அதே கத்தியால்தான். அவன் கேட்டான்: "'சிரிக்க உனக்கு இனி வாய் கிடையாது'ன்னு வருதே. அவன் யாரப் பாத்துச் சிரிச்சான்? எதுக்குச் சிரிச்சான்?"

எனக்குத் தெரியவில்லை.

"பாடினவன் நீதான?"

"ஆமா."

"அப்ப யாரு சிரிச்சான்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "உன் அப்பன் சிரிச்சான்" என்றேன். அப்புறம் நடந்ததை எழுத வேண்டியதில்லை. என் இரண்டு விரல், அவன் ஒரு பல். அவன் கழுத்தை நான் பிடித்திருந்தபோதும் மூச்சு வாங்கிக்கொண்டு அதையே கேட்டான், பாவி: "யாருடா சிரிச்சான்?"

மறுநாள் உன் கடிதம் வந்தது. ஓடட்டும் ஓடட்டும் என்று சிரித்தவன்.

சீட்டை அன்றைக்கு முழுதாகத்தான் படித்தேன். படித்து, 'இது பீட்டில் உட்காராது' என்று மட்டும்தான் யோசித்தேன். நீ அந்த வாரம் முழுவதும் சாப்பிடாமல் எழுந்து போனதைப் பார்த்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

மேல் பாதியை எழுதி அனுப்பு. சரியாக ஞாபகம் இல்லை.

அண்ணன்


ஏப்ரல் 15

அண்ணாவுக்கு,

அனுப்ப மாட்டேன். இரண்டு பாதியும் வக்கீல் அம்மாவிடம் இருக்கின்றன. அந்த வரிகள் ராக்கெட் அண்ணனைப் பற்றியவை இல்லை என்று சொல்ல, இருபத்திரண்டாம் தேதி என்னைச் சாட்சியாகக் கூப்பிடுகிறார்கள். உன்னை முதலில் கேட்பார்கள். பாட்டு உன்னுடையது என்று நீ சொல்லிவிட்டால், அண்ணனைக் காப்பாற்றத் தங்கை பொய் சொல்கிறாள் என்று என்னைக் கூண்டிலிருந்து இறக்கிவிடுவார்கள். உன் பதில் எனக்குத் தெரியாது. நீயும் சொல்ல வேண்டாம், இதை எல்லோரும் படிக்கிறார்கள்.

சூப்பர்வைசருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. நேற்று என் பின்கழுத்தைப் பிடித்து உருளைக்குப் பக்கத்தில் குனிய வைத்தார். ஒரு சாண் தூரம். புருவம் பொசுங்கியது. "கட்டை நல்லா வேலை செய்யுது பாரு. பாத்துக்கிட்டியா? கோர்ட்டுல கேட்டா சொல்லணுமில்ல" என்றார். சிரித்தார். புதிதாக என் எதிர்முனைக்கு வந்திருக்கும் பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு நான் எப்படி இருந்திருப்பேன் என்று அவளைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அம்மா என் புருவத்தைப் பார்த்துவிட்டுக் கண் மையை எடுத்து வரைந்துவிட்டாள். "கோர்ட்டுக்குப் போறதுன்னா லட்சணமாப் போ" என்றாள். எனக்குத் தெரியாமல் உன் கடிதங்களைப் பக்கத்து வீட்டுப் பெண்ணை விட்டுப் படிக்கச் சொல்லியிருக்கிறாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. குரல் வராது என்று தோன்றுகிறது.

தங்கை


ஏப்ரல் 23

வாயாடிக்கு,

நேற்று நீ என் பக்கம் திரும்பவே இல்லை. அதனால் என் பக்கத்திலிருந்து பார்த்ததை எழுதுகிறேன்.

"இந்தப் பாட்டை எழுதியது நீயா?" என்று கேட்டார்கள். வரும் வழியெல்லாம் 'இல்லை' என்ற சொல்லை வாயில் வைத்திருந்தேன். பின்வரிசையில் எங்கள் கூட்டத்துப் பையன்கள் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கினார்கள். "நான்தான்" என்றேன். வக்கீல் அம்மா பேனாவை மேசையில் போட்டார்.

அதன்பிறகும் நீ சாட்சிக் கூண்டில் ஏறினாய். மை வரைந்த புருவத்தோடு. பெயர் கேட்டதற்கே உன் உதடுதான் அசைந்தது. நீதிபதி இரண்டு முறை சத்தமாகப் பேசச் சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீல், "பேசவே வராத பொண்ணு பாட்டு எழுதிச்சாம்" என்றார். கோர்ட் சிரித்தது. எனக்குத் தெரிந்த சிரிப்பு அது. நானூறு பேர் வேண்டாம், இருபது பேர் போதும். என் கை தானாக எதையோ தேடியது. விலங்கு இருந்தது, நல்லவேளை.

நீ கூண்டின் மரச் சட்டத்தில் விரலால் தட்டினாய். டக், டடக். டக், டடக். எந்தப் பீட்டிலும் இல்லாத ஒன்று. இஸ்திரி உருளை சுற்றுகிற சத்தம் அது என்று இப்போது தெரிகிறது. தட்டிக்கொண்டே, யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னாய்:

வெள்ளை விரிப்பு வரிசையா வருது,
ஒரு முனை எனக்கு, மறுமுனை அக்காவுக்கு.
உள்ளே இழுக்குற உருளை கொதிக்குது,
காப்புக் கட்டை கம்பியில கிடக்குது.
"ஓடட்டும் ஓடட்டும்" சிரிக்கிறான் ஒருத்தன்.
விரிப்பு போகுது, விரல் போகுது,
கை போகுது, கத்தல் வரலை.
இந்த முனையில இழுப்பு தெரியுது,
நான் விடவுமில்லை, நான் கத்தவுமில்லை.
இரும்புத் தடி ஒண்ணு கைக்கு வரட்டும்,
திரும்புற நேரம் தாடை தெரியட்டும்,
ஒரே அடிதான், ரெண்டு கிடையாது,
சிரிக்க உனக்கு இனி வாய் கிடையாது.

கடைசி வரியில் நீ கத்தினாய். என் தொண்டை ஆறு வருடமாகக் கத்திய கத்தல் எதுவும் அதற்குப் பக்கத்தில் வராது. யாரும் கேட்காமலே நான் எழுந்து நின்றேன். காவலர் தோளை அழுத்தினார். "பொய் சொன்னேன். அவ எழுதினது. மேல ஒம்பது வரி இருந்துச்சு, நான்தான் கிழிச்சுப் போட்டேன்" என்றேன். பையன்களின் கட்டைவிரல் எங்கே போனது என்று நான் பார்க்கவில்லை.

அடுத்து எழுதினால் எனக்கு அனுப்பு. பாடுவதற்கு இல்லை. படிக்க.

அண்ணன்


மே 6

அண்ணாவுக்கு,

உனக்கு இரண்டு வருடம்தான் தண்டனை என்று அம்மாவிடம் சொன்னபோது விரலை மடக்கி எண்ணிவிட்டு, "அதுக்குள்ள வெங்காயம் நறுக்கக் கத்துக்கச் சொல்லு" என்றாள். அப்புறம் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஆனால் அக்காவின் விசாரணையைத் திரும்ப எடுத்திருக்கிறார்கள். சூப்பர்வைசரையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். விசாரணைக்கு அக்காவும் வந்திருந்தார். கை இருந்த இடத்தில் துணி சுற்றியிருந்தது. இடது கையால் என் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தார். "இத அன்னைக்கே சொல்றதுக்கு என்னடி?" என்றார். அப்புறம் என்னைக் கட்டிக்கொண்டார். கன்னம் இரண்டு நாள் சிவந்திருந்தது. அது எனக்கு வேண்டியதுதான்.

ராக்கெட் அண்ணனுக்குக் கம்பியை எடுத்துவிட்டார்கள். பேசும்போது 'ச' மட்டும் வரவில்லை. அந்தப் பதிமூன்று வரியை அவர் பாடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அக்காவிடம் கேட்காமல் யாரும் பாடக்கூடாது, நானும்கூட.

உனக்கு அனுப்ப என்னிடம் ஒன்றுமில்லை. இந்த முறை நீ எழுது. மார்ச்சில் எழுதினாயே, மடார் என்று சத்தம், பாட்டில் வருகிற மாதிரியே என்று. அதை நான் நம்பவில்லை. நாற்பத்தொரு பாட்டிலும் அதே மடார்தான் வருகிறது. உண்மையில் என்ன கேட்டது?

தங்கை


மே 19

வாயாடிக்கு,

உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. ஏழு தாளைக் கிழித்தேன். இது எட்டாவது.

அடி விழுந்த சத்தமே கேட்கவில்லை. மைக் தரையில் உருண்டு உய்ங் என்று கத்தியது, அவ்வளவுதான். ஸ்டாண்ட் என் கையில் கொஞ்சம் அதிர்ந்தது, சுவரில் ஆணி அடிக்கும்போது குறி தப்பினால் அதிருமே, அப்படி. ராக்கெட் விழவில்லை. நின்றுகொண்டிருந்தான். முகத்தின் கீழ்ப் பகுதி இடம் மாறியிருந்தது. குனிந்து எதையோ துப்பி உள்ளங்கையில் வாங்கினான். பல். அதைப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினான்.

சண்டைக்கு இல்லை. ஆறு வருடமாக, பாட்டில் ஒரு வரி சரியில்லை என்றால், மைக் வேலை செய்யவில்லை என்றால், பஸ்ஸைத் தவறவிட்டால், "இப்ப என்னடா பண்றது?" என்று என் முகத்தைத்தானே பார்ப்பான். அதே மாதிரி பார்த்தான். பல்லை நீட்டிக்கொண்டு, என்னிடமே கேட்டான்.

இதற்கு எதுகை கிடைக்கவில்லை. பீட்டிலும் உட்காரவில்லை. எதையும் வெட்டாமல் அனுப்புகிறேன். நீ படித்த பிறகு அவனிடம் கொடு.

அண்ணன்